தண்ணீர் வரும் நாளில் குப்பை வண்டி

இன்று காலை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது அது மேசைமேல் கிடக்கிறது, புது ஜரிகையின் மொடமொடப்பும் கடை வாசனையும் போகாமல். நீ இருந்திருந்தால் அதைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு ஆடிக் காட்டியிருப்பாய். எனக்கு அதைத் தொடவே கூசுகிறது. அது உனக்கு வரவேண்டியது.

குப்பை சேராத வார்டு என்று நகராட்சியில் என் பகுதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உன் மாவு மில் இருக்கிற தெருமுக்கில் இப்போது ஒரு பை கிடையாது. முன்பெல்லாம் அங்கே மலைபோல் குவிந்து கிடக்கும். தெருவுக்குத் தெரு இருந்த தொட்டிகளை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வீடு பேட்டரி வண்டி அனுப்பத் தொடங்கிய காலம் அது. தொட்டி போனாலும் தொட்டி இருந்த இடத்தை ஜனங்கள் விடவில்லை. சுகாதார ஆய்வாளர் என்ற முறையில் நான் தண்டோரா போட்டேன், நோட்டீஸ் ஒட்டினேன், அபராதம் என்று மிரட்டினேன். முக்கு மட்டும் மாறவில்லை.

உனக்குக் காரணம் தெரிந்திருந்தது. விளாத்திகுளம் மிளகாய் வத்தலை அரைத்துவிட்டு, சட்டையெல்லாம் சிவப்பாக, டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்காருவாய். நான் தும்முவேன், நீ சிரிப்பாய். அப்படி ஒருநாள்தான் சொன்னாய்: "ஏலே, நம்மூர்ல தண்ணி வாரதே வாரத்துக்கு ஒருக்கா. அன்னைக்கு ஒருத்தியும் கொழாய விட்டு நகர மாட்டா. புடிச்சு முடிக்கவும் அவளுவள வேலைக்கு ஏத்திட்டுப் போக தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நிக்கும். அந்நேரம் பாத்து ஒன் வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு வந்தா யாருலே குப்பையத் தூக்கிட்டு ஓடி வருவா? அன்னைக்கு மட்டும் சாயங்காலம் அனுப்பு."

மில்காரன் எனக்கு வேலை சொல்லித் தருகிறானா என்று இருந்தது. "நீ மாவை அரைலே, ஊரை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்து வந்ததுதான் அந்த போர்டு. குப்பை போடுகிறவர்களைப் படமெடுத்து, பெரிய ஃபிளெக்ஸ் அடித்து முக்கிலேயே வைப்பது என்று முடிவு செய்தோம். வெட்கப்பட்டால் திருந்துவார்கள் என்று கூட்டத்தில் பேசியவனே நான்தான். செல்போனோடு என் மேற்பார்வையாளர் ஒரு வாரம் மறைந்து நின்றார். கொண்டுவந்த படங்களில் ஒன்றில் நீ. இரண்டு கையிலும் ஆறேழு பைகள். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். என் ஆபீஸ் ஆள், தெரிந்த முகம், விளையாட்டுக்கு எடுக்கிறார் என்று நினைத்திருக்கிறாய்.

அது தண்ணீர் வந்த நாள். அன்று காலையில் மில்லுக்கு யாரும் வரமாட்டார்கள், உனக்கு வேலை இருக்காது. குழாயடியில் நிற்கிற பெண்களின் பைகளை வாங்கிக்கொண்டு போய் நீதான் முக்கில் வைத்திருக்கிறாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு பையில் குழந்தையின் டயபர் பிதுங்கிக்கொண்டிருந்தது. உன் வீட்டில் ஏது பச்சைப்பிள்ளை?

புரிந்தும் போர்டுக்கும் அபராதத்துக்கும் கையெழுத்துப் போட்டேன். முந்தைய வாரம்தான் ஒரு கவுன்சிலர் எல்லோர் முன்னாலும், "தெரிஞ்ச ஆளுன்னா சார் கண்ண மூடிக்கிடுவாவ" என்று குத்திப் பேசியிருந்தார். அவர் வாயை அடைக்க எனக்கு ஒரு தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. உன் படத்தைத்தான் முதலில் வைக்கச் சொன்னேன்.

மறுநாள் நீ ஆபீசுக்கு வந்து அபராதத்தைக் கட்டினாய். யாருடைய குப்பை என்று கிளார்க் கேட்டதற்கு, "எல்லாம் எங்க வீட்டுதுதான்" என்றாய். போகும்போது என் மேசையண்டை நின்று, "போட்டோ நல்லாத்தாம்லே விழுந்திருக்கு" என்று சிரித்தாய். நான் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்லே" என்றேன். எவ்வளவு பெரிய நியாயவான்! ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கம் நீ வரவில்லை. மில்லுக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, போர்டுல ஹீரோ கணக்கா நிக்கீய" என்று கேலி பேசுவதாகக் காதில் விழுந்தது. நானும் வந்து பார்க்கவில்லை. போர்டு ஒரு மாதம் நின்றது. குப்பை என்னவோ குறையவில்லை, அடுத்த தெரு ஓடைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு அந்த முக்கு வழியாகத்தான் போகவேண்டும். ஆளை அனுப்பி போர்டை அவிழ்க்கச் சொன்னேன். பத்து நிமிட வேலை. ஒரு மாதமாக என்னால் செய்ய முடியாத வேலை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, தண்ணீர் வருகிற நாளில் மட்டும் வண்டியைச் சாயங்காலம் அனுப்ப உத்தரவு போட்டேன். பெண்கள் வேனை விட்டு இறங்கி வருகிற நேரம். மூன்றே வாரத்தில் முக்கும் சுத்தம், ஓடையும் சுத்தம். யாரையும் படம் எடுக்கவில்லை, யாருக்கும் அபராதம் போடவில்லை. இன்று மேடையில், இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்கள். "கள ஆய்வு" என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

மனசு கேட்காமல் சாயங்காலம் உன் மில்லுக்குப் போனேன். இப்போது உன் மனைவிதான் நடத்துகிறாள். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிவிட்டு, அவள் திட்டினால் வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைத்துப் போனேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"அந்த போர்டு விஷயமாத்தாம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்கண்ணே. அவிய அன்னைக்கே சொல்லிட்டாவளே. நீங்க லீவுல இருந்தப்பம் கீழ உள்ளவன் வச்சிட்டான், ஒங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு. யாரும் ஒங்ககிட்ட அதப்பத்திக் கேக்கக்கூடாது, அவன் மனசு சங்கடப்படும்னாவ."

அந்த மாதம் நான் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. அது உனக்கும் தெரியும்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, எனக்குத் தெரியாது" என்றேன்.

உன் யோசனையை எடுத்துக்கொண்டேன். கடைசியில், நீ எனக்காகச் சொன்ன பொய்யையும் எடுத்துக்கொண்டேன்.