கோமதி திரும்பிப் பார்க்காத சத்தம்

அக்கா,

இன்று காலை அடுக்களை மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எவர்சில்வர் தாம்பாளம் கை நழுவிக் கீழே விழுந்தது. தரையில் அது சுழன்று சுழன்று அடங்கும்வரை நான் ஸ்டூலின் மேலேயே நின்றேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர், "என்னத்தப் போட்ட?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. தட்டு விழுந்தால் ஒரு வீடு இப்படித்தானே அசைய வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததுமே நீ என் முன்னால் வந்து நின்றாய்.

ராஜபாளையத்தில் உன் வீடு. எனக்குப் பரீட்சை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். கோமதிக்கு அப்போது பிடித்துக்கொண்டு நிற்கிற வயது. அத்தை கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நீ கோமதியை என் முன்னால் உட்காரவைத்து, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தாய்.

"நீ அவ முகத்தையே பாத்துக்கிட்டு இரு. வேற ஒண்ணும் செய்யாத" என்றாய்.

அவளுக்குப் பின்னால் போய் நின்று தாம்பாளத்தைக் கீழே போட்டாய். நான் பதறினேன். முற்றத்தில் படுத்திருந்த வெள்ளை நாய் எழுந்து குரைத்தது. கோமதி கரண்டியை வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் போட்டாய்.

"கண்ணச் சிமிட்டுனாளா?"

"இல்லக்கா."

நீ தட்டை எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்தாய். கோமதியைத் தூக்கி, முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாய். "அத்தைகிட்ட இப்பச் சொல்லாத. நானே பொறவு சொல்லுதேன்" என்றாய். உன் குரல் ஒரு துளியும் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு அலையாத கோவில் இல்லை. கிரகணத்தன்று நீ வாசலுக்கு வந்தாய் என்றார்கள். வயிற்றில் பிள்ளையோடு சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போனாய் என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், கோமதி நாக்கில் தேன் தடவினார்கள். எல்லாவற்றுக்கும் நீ தலையைக் கொடுத்தாய். பிறகு சங்கர் பிறந்தான். இந்த முறை அத்தான்தான் தொட்டிலுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தார். மில்லில் பகல் ஷிப்டு முடித்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், தட்டிக்கொண்டே இருந்தார். நீ போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாய் என்று பின்னால் ஒருநாள் சொன்னாய்.

அத்தை நம் அப்பாவோடு கூடப் பிறந்தவள். உன்னைத் தூக்கி வளர்த்தவள். அவளே சொன்னாள்: "எம்மவன் ஒரு குறையில்லாமத்தான் பொறந்தான். உன் வயித்து ராசி அப்படி." சொந்த அத்தை வீடு, பிள்ளை கண் கலங்காது என்று சொல்லித்தான் அப்பா உன்னை அங்கே கொடுத்தார்.

மதுரைக்கு நாம் போனது நான் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்த பிறகு. நீ, அத்தான், இரண்டு பிள்ளைகள், துணைக்கு நான். அங்கே ஆஸ்பத்திரியில் காது டாக்டரம்மா பிள்ளைகளைப் பார்த்து முடித்துவிட்டு, உங்கள் இருவரையும் பார்த்து, "சொந்தமா?" என்று கேட்டார். "அத்தை மவன்" என்றாய். அவர் ஒரு தாளை எடுத்து வட்டங்கள் போட்டார்.

"உடம்புல ஒவ்வொண்ணையும் எப்படிச் செய்யணும்னு உள்ள எழுதியிருக்கும்மா. அதத்தான் ஜீன்னு சொல்றோம். அதைப் படிச்சுத்தான் உடம்பு தனக்கு வேணுங்கிற புரதத்தைச் செஞ்சுக்குது. எல்லாமே ரெண்டு பிரதி இருக்கும். ஒண்ணு அப்பா கொடுத்தது, ஒண்ணு அம்மா கொடுத்தது. ஒண்ணுல பிழை இருந்தாலும் இன்னொண்ணை வெச்சு உடம்பு சமாளிச்சுக்கும். பிழை இருக்கிறது அந்த ஆளுக்கே தெரியாது. பிள்ளைக்கு ரெண்டு பக்கத்திலிருந்தும் அதே பிழை வந்து சேர்ந்தா, அந்தப் புரதம் கிடைக்காமப் போயிடும். சொந்தத்துல கட்டும்போது அப்படிச் சேர வாய்ப்பு கூடுது. சோதிச்சு உறுதியாச் சொல்ல இப்ப நம்மகிட்ட வசதி இல்ல. ஆனா ரெண்டு பிள்ளைக்கும் இப்படின்னா, இதுவாத்தான் இருக்கணும்."

நீ ஒன்றுதான் கேட்டாய். "அப்ப இது என் வயித்து ராசி இல்லையா, டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "உங்ககிட்ட இருந்து ஒண்ணு, அவர்கிட்ட இருந்து ஒண்ணு. ரெண்டும் சமம். யாரும் தெரிஞ்சு கொடுக்கலை."

அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சங்கர் உன் மடியில் தூங்கினான். கிருஷ்ணன்கோவில் தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் என் பக்கம் குனிந்தாய். "எனக்கும் உன் அத்தானுக்கும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கணும்னா, அப்பாகிட்டயும் இருக்கும், அத்தைகிட்டயும் இருக்கும். அப்படித்தான?"

"அப்படித்தான் இருக்கணும்க்கா."

சங்கரின் தலையை மடியில் ஏற்றிவைத்தாய். "அத்தைகிட்ட இதச் சொல்ல வேண்டாம். தாங்க மாட்டாவ" என்றாய்.

சொல்லவே இல்லை. அத்தை தன் வழக்கப்படி உன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பதில் கையில் இருந்தும் நீ சோறு பரிமாறிக்கொண்டிருந்தாய். நான் கோபப்பட்டால், "சொல்லி என்ன செய்ய? என் நெஞ்சுல இருக்க கல்லத் தூக்கி அவிய நெஞ்சுல வைக்கவா?" என்பாய்.

அந்த வாயை நீ திறந்தது எனக்காக.

நான் பட்டப்படிப்பு முடித்த வருஷம், அத்தை வெற்றிலை, பூ, பழத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்தாள். அத்தானின் தம்பி ரவிக்கு என்னைக் கேட்டு. ரவி செட்டியார்பட்டியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அதிகம் பேசமாட்டான். என்னைப் பார்த்தால் எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரிப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா தட்டை வாங்கக் கையை நீட்டியபோது நீ அடுக்களையிலிருந்து வெளியே வந்தாய்.

"இது வேண்டாம்ப்பா."

அப்பா சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார்.

"எனக்கு வந்தது இவளுக்கும் வரலாம். வராமலும் போகலாம். நம்ம குடும்பத்து ரத்தத்துல அது ஓடுது. உங்ககிட்ட இருக்கு, அத்தைகிட்ட இருக்கு, எங்கிட்ட இருக்கு. இவகிட்டயும் ரவிகிட்டயும் இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது."

"என்னட்டி பேசுத?" அப்பா எழுந்துவிட்டார். "என் ரத்தத்துல கோளாறுங்கியா? எங்கய்யா காலத்திலிருந்து சொந்தத்துலதான் கொடுத்து எடுக்கோம்."

அப்போது வாசல் பக்கம் நின்றிருந்த அத்தான் பேசினார். அவர் நம் வீட்டில் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "மாமா, நம்ம வெள்ளை நாய்க்கு ஜோடி தேடும்போது என்ன செய்யோம்? ஒரே வீட்டுக் குட்டியைச் சேர்க்கோமா? காது கேக்காத குட்டி விழுந்துரும்னு வேற ஊருக்கு ஓட்டிட்டுப் போறோம். நாய்க்குப் பாக்கிறத நம்ம பிள்ளைக்குப் பாக்க வேண்டாமா?"

"எம்பிள்ளைய நாயோட சேக்கிறீரா?" என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலைத் தட்டு அவள் மடியிலேயே இருந்தது. அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப எங்கிட்ட இருந்தா வந்துச்சு?"

நீ அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாய். "உங்ககிட்ட இருந்து மட்டுமில்ல அத்தை. எங்கிட்ட இருந்தும். யாரும் கேட்டு வாங்கல."

"எத்தன நாளா உனக்குத் தெரியும்?"

"மதுரைக்குப் போனதிலிருந்து."

அத்தை உன் தலையில் கையை வைத்தாள். அன்றிலிருந்து 'வயித்து ராசி' என்ற வார்த்தை அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. பிறகெல்லாம் கோமதியைக் கடைத்தெருவுக்கு அவளே கூட்டிப்போவாள். யாராவது, "பிள்ள பேசாதோ?" என்று கேட்டால், "எங்க பொறந்த வீட்டு வழியில உண்டு" என்பாள்.

எனக்குத்தான் உன்மேல் ஆத்திரம். "உனக்கு வாச்ச மாதிரியே எனக்கும் வாய்க்கும்னு ஏன்க்கா நினைக்க?" என்று கிணற்றடியில் நின்று கேட்டேன். நீ வாளியைக் கீழே வைத்தாய்.

"வாய்க்காமப் போனா நீ என்னை ஆயுசுக்கும் திட்டலாம், நான் வாங்கிக்கிடுதேன். வாய்ச்சதுன்னா, தெரிஞ்சும் நான் வாயை மூடிட்டு இருந்தேன்னு என் மூஞ்சியில நானே முழிக்க முடியாது."

நீ சொன்னது ஊருக்குள் போயிற்று. கோளாறு உள்ள குடும்பம் என்று எனக்கு வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போயின. அப்பா உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ரவிக்கு வன்னியம்பட்டியில் பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் நீ பம்பரமாய்ச் சுழன்று வேலை செய்தாய். என்னை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மேலே படித்தேன், ஆசிரியை ஆனேன். பின்னால் என்னோடு வேலை பார்த்த வத்திராயிருப்புக்காரர் என்னைக் கேட்டு வந்தபோது, அப்பாவுக்கு முன்னால் உன்னிடம்தான் வந்து சொன்னேன். நீ அழுத அழுகை எனக்குப் புரிந்தது.

இதற்கிடையில் பிள்ளைகளைப் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்திருந்தாய். லீவுக்கு வரும்போது அவர்கள் கையால் பேசுவார்கள். நீ அவர்கள் முன்னால் மாணவி மாதிரி உட்கார்ந்து கற்றுக்கொண்டாய். தவறாகச் செய்தால் சங்கர் உன் விரலைப் பிடித்துத் திருத்துவான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. நீ மொச்சை உரித்துக்கொண்டிருந்தாய். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்த வேண்டிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். "என்னது அது, எனக்கும் சொல்லு" என்றாய். சொன்னேன். செல்லின் நடுவில் இருக்கும் டி.என்.ஏ. வெளியே வருவதில்லை. அதிலிருந்து வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கப்படும், அது வெளியே போகும். வெளியே செல் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலத்தை மணி மாதிரிக் கோத்துக்கொண்டே போகும். கோத்து முடித்த சரம் மடங்கிக்கொண்டால் அதுதான் புரதம். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் சில நேரம் 'இங்கே நிறுத்து' என்று அர்த்தமாகிவிடும். சரம் பாதியிலேயே நின்றுபோகும்.

"ஒரு எழுத்துக்கா இம்புட்டும்?" நீ கையை நிறுத்திவிட்டாய். "அத யாரு மாத்துனா?"

"யாரும் மாத்தலக்கா. நகல் எடுக்கும்போது தானா மாறும். எல்லார்கிட்டயும் ஏதாவது மாறித்தான் இருக்கு. அப்படி மாறி மாறித்தான் மீன், பறவை, மனுஷன்னு இத்தனையும் வந்துச்சு. சிலது உதவும், சிலது ஒண்ணும் செய்யாது, சிலது இப்படி."

நீ கொஞ்சம் யோசித்தாய். "கோமதிக்கு மத்ததெல்லாம் ஒழுங்காத்தான எழுதியிருக்கு? அந்தக் கண்ணு, அந்தக் கோபம், அந்தச் சிரிப்பு எல்லாம்."

"எல்லாமே ஒழுங்காத்தான்க்கா எழுதியிருக்கு."

நிலைப்படியில் கோமதி நின்றிருந்ததை நாம் கவனிக்கவில்லை. உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள் அவள். உள்ளே வந்து உன் முன்னால் உட்கார்ந்து, கையை வேகமாக அசைத்துக் கேட்டாள். எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. உன் முகம் வெளுத்ததைப் பார்த்து, "என்னக்கா கேக்கா?" என்றேன்.

"சித்தி ரவி சித்தப்பாவைக் கட்டாமப் போனது, என்னை மாதிரிப் பிள்ளை பொறந்துரும்னா? அப்படின்னு கேக்கா."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். கோமதியைப் பார்த்து, கையாலும் வாயாலும் சேர்த்தே சொன்னாய். "ஆமா. அதுக்குத்தான் வேண்டாம்னேன். அன்னைக்கு எனக்கு அது சரின்னு பட்டது. நீ இப்படிக் கேக்கும்போது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல."

அவள் எழுந்து மச்சுக்குப் போய்விட்டாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் இறங்கி வந்தாள். உனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சீப்பை நீட்டினாள். நீ பின்னிவிட்டு முடித்ததும் திரும்பி, 'நான் பிறந்தபோது அழுதாயா?' என்று கையால் கேட்டாள். "நீ பொறந்தப்ப சிரிச்சேன். ஊரு பேசினப்பதான் அழுதேன்" என்றாய். அவள் உன் கையிலிருந்த சீப்பை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு உன் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவளிடம் ஒரு பொய் சொல்லி நீ தப்பித்திருக்கலாம். அதை நீ செய்யவில்லை என்பதை நான் இன்றுவரை நினைக்கிறேன்.

நீ எங்களை விட்டுப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நீ இருக்கும்போதே கோமதி பாளையங்கோட்டையில் தன்னோடு படித்த பையனையே கட்டிக்கொண்டாள் இல்லையா? அவள் வயிற்றில் பிள்ளை தரித்தபோது நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். இப்போதெல்லாம் ரத்தத்தை எடுத்து அந்த எழுத்தையே படித்துச் சொல்லிவிடுகிறார்கள். டாக்டர், "சோதிச்சுப் பாத்துருவோமா?" என்று கேட்டார். நான் என் அரைகுறைக் கையால் அதைக் கோமதிக்குச் சொன்னேன். அவள் யோசிக்கவேயில்லை. 'பிள்ளை எப்படி வந்தாலும் அதோடு பேச எனக்குத் தெரியும்' என்றாள். உனக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி இருந்திருக்க வேண்டும், அக்கா.

பிறந்தது பெண். காது கேட்கிறது. பேச்சு வருவதற்கு முன்னால் அவளுக்குக் கை வந்துவிட்டது. போன மாதம் உன் படத்தைக் காட்டி, யார் என்று கேட்டேன். அவள் ஒற்றை விரலால் தன் மூக்கின் இடது பக்கத்தைத் தொட்டாள். கோமதியும் சங்கரும் உன் மூக்குத்தியை வைத்து உனக்கு வைத்த சைகைப் பெயராம் அது. 'ஆச்சி' என்பதற்கு முன்னால் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதுவரை தெரியாது. அன்றிலிருந்து உன்னை நினைக்கும்போது என் வாயில் பெயர் வருவதில்லை. விரல் தானாக மூக்குக்குப் போகிறது.