ஹமோங்காவின் நிலத்தில் எங்கள் ஏர்

என் அன்பு மகள் மைன்சாவுக்கு,

அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. கர்த்தர் இந்த நிமிடம்வரை எங்களைச் சுகமாக வைத்திருக்கிறார், அந்தக் குளிர் தேசத்தில் உன்னையும் அவர் தம் சிறகுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் முழங்கால் போடுகிறேன். அப்பாவுக்கு முதுகுவலி தேவலை. உன் தம்பி மிலிமோ சோமா டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், லீவுக்கு வரும்போது அவன் கொண்டுவரும் எண்ணெய்ச் சட்டைகளைத் துவைத்தே என் கை தேய்கிறது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மழை நன்றாகத் தொடங்கிவிட்டது, அந்த மழையைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும்.

பக்கத்து நிலத்து ஹமோங்காவை உனக்கு மறந்திருக்காது. அவருடைய காளை செத்தபோது உன் அப்பாதான் விஷம் வைத்தார் என்று ஊர்த் தலைவர் முன்னாலேயே சொன்ன மனிதர். அன்று முதல் எங்கள் வீட்டுத் தண்ணீர்கூட அவர்களுக்கு ஆகாது, என் அம்மா சாவுக்கும் வரவில்லை. மற்றதையெல்லாம் பொறுத்தேன் மகளே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த வருஷம் நோய் வந்து அவருடைய உழவு மாடுகள் எல்லாம் போய்விட்டன, வண்டியிலிருந்து விழுந்து காலையும் ஒடித்துக்கொண்டார். முதல் மழை பெய்து ஊரே ஏர் பூட்டியபோது அவர் நிலம் மட்டும் காய்ந்த தோல் மாதிரிக் கிடந்தது. உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளு என்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் உன் அப்பா நம் காளைகள் டைகரையும் சண்டேயையும் நுகத்தில் பூட்டி, நம் நிலத்தைத் தாண்டி நேரே அங்கே ஓட்டிக்கொண்டு போகிறார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பின்னாலேயே ஓடி, ஈரம் காய்ந்து போனால் நம்ம சோளத்தை எங்க விதைக்கிறது, உங்க தொப்பியிலயா என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “பகைவனை நேசின்னு போதகர் சொன்னப்ப எல்லாரையும் விடச் சத்தமா ஆமென் சொன்னது நீதான். நேத்து ஆமென், இன்னிக்கு ஏர். வா, வந்து மாட்டைப் பிடி” என்றார். திட்டிக்கொண்டேதான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன்.

சத்தம் கேட்டு ஹமோங்கா கட்டையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். “யோவ், யாரைக் கேட்டு என் நிலத்துல கால் வச்சே? எறங்குய்யா வெளியே!” என்று ஒரே கூச்சல். உன் அப்பா, “நீ பாட்டுக்குத் திட்டு, மாடு பாட்டுக்கு நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த உழவுச் சாலைத் தொடங்கினார். திட்டித் திட்டித் தொண்டை வற்றி அந்த மனிதர் மரத்தடியில் உட்கார்ந்தார். அப்புறம், “கோணல்!” என்றொரு குரல். “கோணலா உழுறே! டைகரை இடது பக்கம் போடுய்யா, அது சோம்பேறி!” எனக்குச் சிரிப்பு வந்து கயிற்றை விட்டுவிட்டேன், மாடுகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன, அவரும் சிரித்துவிட்டார், சிரிப்பு முடிவதற்குள் அழுகையும் வந்துவிட்டது அவருக்கு.

மத்தியானம் நான் கொண்டுபோன புளித்த பாலைச் சுரைக்குடுவையோடு அவரிடம் நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மடமடவென்று குடித்தார். அவர் மனைவி மியோபா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மைன்சா அம்மா, உங்கம்மா சாவன்னைக்கு நாங்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதோம், உள்ள வர மூஞ்சி இல்ல” என்றாள். என் மனதில் இத்தனை காலமாகக் கிடந்த கல் அங்கேயே இறங்கிவிட்டது.

மறுநாள் எங்கள் நிலத்துக்குப் போனால், விஷயம் கேள்விப்பட்ட சபை ஆண்கள் தங்கள் மாடுகளோடு வந்து நிற்கிறார்கள், ஈரம் காய்வதற்குள் விதைத்தே முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஹமோங்கா ஆராதனையில் எழுந்து, “என் காளையை அவர் கொல்லல. கோபத்துல வாய் சொல்லிடுச்சு, அது தப்புன்னு சொல்ல வாய் வரல, இன்னிக்கு வந்துடுச்சு” என்றார். உன் அப்பா போய்க் கட்டிப்பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் பாடகர் குழுவின் பெஞ்சு மேல் விழுந்தார்கள். பெண்கள் போட்ட குலவையில் போதகர் பிரசங்கத்தையே விட்டுவிட்டார், இனி நான் என்ன சொல்ல என்று அவரும் ஆட வந்துவிட்டார்.

மகளே, உன்னோடு வேலை செய்யும் அந்த மூத்த நர்ஸ் உன்னை மட்டம் தட்டுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு நல்லவளாகிவிடு என்று சொல்வது எனக்குச் சுலபம், செய்வது எவ்வளவு கஷ்டம் என்று மூக்கணாங்கயிறு பிடித்த எனக்குத் தெரியும். மனம் வரும்வரை காத்திருக்காதே, கை முதலில் போகட்டும், மனம் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேரும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கை தொடும் நோயாளிகளெல்லாம் சுகமாவார்களாக. கம்பளிக் கையுறை இல்லாமல் வெளியே போகாதே, அப்பாவின் பிறந்தநாளுக்குப் போன் பண்ண மறக்காதே, சாயங்காலத்தில் மட்டும் பண்ணாதே. ஹமோங்கா தினமும் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார், மழை, மாடு, பந்தாட்டம் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் போடுகிற சத்தத்தில் உன் குரல் கேட்காது. பகை இருந்தவரை வீடு எவ்வளவு நிசப்தமாக இருந்தது தெரியுமா! இந்தச் சமாதானத்தின் இரைச்சலை ஆண்டவர் எங்களுக்கு நெடுநாள் தரட்டும்.

உன்னை நினைக்காத நாளில்லாத,
அம்மா