டாக்டரம்மா சொன்னதும் நான் சொன்னதும்

மதுரை, 1934

மரியாதைக்குரிய அத்தாவுக்கு இஸ்மாயில் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. காய்ச்சலில் கிடந்த ஒச்சாயியைப் பார்த்துவிட்டு வெள்ளைக்கார டாக்டரம்மா, "ஷி வில் புல் த்ரூ" என்றார். தமிழில் சொல்வது என் வேலையல்லவா? 'புல்' என்றால் இழுப்பதுதானே என்று அவள் புருஷன் காளையிடம், "இழுத்துக்கிட்டிருக்கு" என்றேன். பிழைத்துக்கொள்வாள், தேறிவிடுவாள் என்று அர்த்தமாம். காளையோ நான் சொன்னதைக் கேட்டுச் சாவுக்கே சொல்லியனுப்பிவிட்டார். மறுநாள் சொந்தக்காரர்கள் ஒப்பாரியோடு வந்தபோது ஒச்சாயி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

காளை என்னைத் திட்டவில்லை. "பொழச்சுட்டாள்ல தம்பி, அம்புட்டுப் போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் முகத்தில் விழிக்கக் கூசுகிறது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. என் இங்கிலீஷைப் பற்றி ஊரில் இனிப் பெருமை பேசவேண்டாம், அத்தா.

தங்கள் மகன்
இஸ்மாயில்