காது உடைந்த முயல்

மார்ச் 11

பண்டிகைக்கு ஒரு வாரம்தான். இந்த வருடமும் கடைக்கு மூன்று உருவ பன்கள் போதும் என்று தங்கையும் நானும் முடிவு செய்தோம். முயலுக்குள் ஆப்பிள், ஆமைக்குள் பேரீச்சை, முள்ளம்பன்றிக்குள் பாதாம். மாவும் ஓவனும் என் பாடு. உருவம் பிடிப்பது அவள். கத்தரிக்கோல் நுனியால் பன்னின் முதுகைக் கிள்ளிக் கிள்ளி அவள் முள் எழுப்புவதை, வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்று பார்ப்பார்கள்.

பாதாம் வாண்டுக்கு ஆகாது. தங்கையின் மகள், ஐந்து வயது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கும், மூச்சு அடைக்கும். இந்த வருடம் பாதாமே வேண்டாம் என்றான் தங்கையின் புருஷன். பண்டிகைக்குப் பாதாம் இல்லாமல் நம்மிடம் யார் வருவார்கள் என்று நான்தான் மல்லுக்கு நின்றேன். அதனால் அதற்குத் தனி மேசை, தனிக் கரண்டி, தனித் தட்டு.

வாண்டுக்கும் பாடம் நடத்தியாகிவிட்டது.

"முள்ளு இருந்தா?"

"தொட மாட்டேன்."

"முள்ளு இல்லேன்னா?"

"ரெண்டு தின்பேன்."

மார்ச் 15

ஓவன் மக்கர் பண்ணுகிறது. மேல் அடுக்கு மட்டும்தான் சூடாகிறது. மெக்கானிக்கிடம் கேட்டால் "வந்துட்டே இருக்கேன்க்கா" என்கிறான். எங்கிருந்து வருகிறான், நிலாவிலிருந்தா?

மார்ச் 16

வாண்டு ஆஸ்பத்திரியில். எழுத வரவில்லை.

மார்ச் 17

உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் பொய்யாக நினைவு வைத்துக்கொள்வேன்.

நேற்று ஓவன் ஒரே அடுக்கில் ஓடியதால் தட்டுகள் வரிசையில் காத்திருந்தன. மாவு காத்திருக்காது. பொங்கிக்கொண்டே போனது. தங்கை வெட்டிய முட்கள் உடம்போடு உப்பி, கரைந்து, வழுவழுவென்று ஆகிவிட்டன. ஈஸ்ட் என்ன செய்யும் என்று கல்லூரிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இடம் மிச்சம் பிடிக்க, பாதாம் பன்களையும் மற்றவற்றோடு ஒரே தட்டில் அடுக்கினேன். அதுவும் நான்தான்.

உருவம் கெட்டதை நாங்கள் விற்பதில்லை. கூடையில் போட்டு வைப்போம். வீட்டு ஆட்கள் தின்போம். வாண்டு வந்து கூடையைத் துழாவினாள். தலைப் பக்கம் இரண்டு முனை மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"பெரியம்மா, இது யாரு?"

கை நிறைய மாவு. திரும்பிப் பார்த்தேன்.

"காது உடைஞ்ச முயல்டி. எடுத்துக்கோ."

"முள்ளு இல்லல்ல?"

"இல்ல. தின்னு."

பாதி தின்றிருப்பாள். அப்புறம் அந்தச் சத்தம் — மூச்சு விசில் மாதிரி. மூச்சு அடைத்தால் உடனே போட வேண்டிய ஊசி எப்போதும் தங்கை கைப்பையில் இருக்கும். கைப்பையோடு அவள் பேரீச்சை வாங்கப் போயிருந்தாள்.

மார்ச் 18

இன்று பண்டிகை. ஷட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருத்தர் வெளியே நின்று யாரிடமோ சொல்கிறார்: "முன்னாடியே சொல்லி வெச்சோம். பொறுப்பே இல்ல."

சுட்டதை எல்லாம் குப்பையில் கொட்டினேன். எது முயல், எது முள்ளம்பன்றி என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 19

வாண்டுக்கு இன்னும் மூச்சுக்குக் குழாய் போட்டு வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் மூளைக்குக் காற்று போகவில்லையாம்; கண் திறந்தால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். தங்கை புருஷன் என்னைப் பார்த்ததும் எழுந்து வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். தங்கை போகவில்லை. அழவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. நீ பார்த்துக் குடுத்தியா, பார்க்காமக் குடுத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேலை அவசரம், கவனிக்கவில்லை என்று. மன்னிக்க முடிந்த பதில் அதுதானே?

"பார்த்துத்தான் குடுத்தேன். எனக்கு முயலாத்தான் தெரிஞ்சுது."

கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, வீட்டுக்குப் போ" என்றாள்.

மார்ச் 21

கண் திறந்துவிட்டாள். தங்கை போன் பண்ணவில்லை. நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவை அடையாளம் தெரிகிறதாம். தண்ணீர் கேட்டாளாம். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 30

கடையைத் திறந்தேன். பாதாம் கிடையாது. உருவமும் கிடையாது, பிடிக்க ஆள் இல்லை. இனி வரப்போவதில்லை என்று தங்கை சொல்லவில்லை. கத்தரிக்கோலையும் ஏப்ரனையும் எடுத்துப்போக அவள் புருஷன் வந்தான். "இதுல அவளோடது எது?" என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 4

ஒன்றுமில்லை. மழை.

ஏப்ரல் 19

அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். தங்கை கதவைத் திறந்து, "வாக்கா" என்றாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காபி கொடுத்தாள். ஓவன் சரியாகிவிட்டதா என்று விசாரித்தாள்.

வாண்டு தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். பேசும்போது சில வார்த்தைகளுக்கு முன்னால் கொஞ்சம் நின்று தேடுகிறாள். அது போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

வாங்கிப் போன ஆரஞ்சை அவள் எதிரிலேயே உரித்தேன். நார் எடுத்து, கொட்டை எடுத்து, ஒரு சுளையை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள்.

தங்கை எழுந்து வந்து என் கையிலிருந்து சுளையை வாங்கினாள். ஓரத்தில் கடித்து, மென்று, விழுங்கினாள். சற்றுப் பொறுத்தாள். பிறகு மிச்சத்தை மகள் கையில் வைத்தாள்.

நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.