வைக்கோலுக்குள் ஒரு பழம்

அன்பு மனைவி தவுலிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எருமை கன்று போட்டதா? நான் நலம். ரத்னகிரி வெயில்தான் பொல்லாதது.

நேற்று ஒரு வேடிக்கை. மரத்தடியில் விழுந்து பழுத்த அல்போன்சா மாம்பழம் ஒன்றைக் கிடங்கு வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பழுத்த பழம் விடும் வாயு பட்டால் பக்கத்துக் காய்களும் பழுத்துவிடும், அதை மறந்துவிட்டேன். கப்பலில் காயாகப் போக வேண்டியதெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

முதலாளி சாவந்த் சேட் கதவைத் திறந்ததுமே மணம் அவர் முகத்தில் அறைந்தது. பெட்டி பெட்டியாகக் காம்புப் பக்கத்தை மோந்துகொண்டே வந்தவர், என் பழத்தை வெளியே எடுத்தார்.

“எவன்டா வச்சது? சொல்லலேன்னா நேபாளிங்க மொத்தப் பேரும் இப்பவே பஸ் ஏறுங்க!”

என்னோடு வேலை செய்யும் நம்மூர்க்காரர் பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“நான்தான் சேட்.”

“தின்னு தொலைச்சிருக்கலாமேடா! எதுக்கு வச்சே?”

“தின்னா தீந்துடும் சேட். தினம் மோந்து பாக்கத்தான்.”

சேட் பெட்டிகளின் பக்கம் கை காட்டினார்.

“போ, தரம் பிரி. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் உள்ளூர்ச் சந்தைக்கு ஏத்தணும்.”

வேலை போகவில்லை, பயப்படாதே. இன்றைய லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் கூட்டாளி பதம் இங்கே திரும்பும்போது, அவனிடம் உன் பழைய சால்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்காதே.

ஹர்க்கா