அண்ணன் பேரில் ஒரு நாய்

ஆடி 4, திங்கள்
காற்று. முற்றமெல்லாம் புழுதி. இரண்டு தரம் பெருக்கியும் அப்படியே. சினைநாய் வெள்ளச்சிக்கு வயிறு இறங்கிவிட்டது. ஈற்று இந்த மாதம் தாண்டாது.

வாங்க: கேழ்வரகு, வேப்பெண்ணெய், ஆட்டுக்குடல் (திருப்பத்தூர் சந்தை).

மத்தியானம் பஞ்சாயத்துத் தண்டோரா. இனி வீட்டுக்கு இரண்டு நாய்தானாம். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் கட்ட நம்பர் போட்ட தகர வில்லை. வில்லையில்லாமல் தெருவில் கண்டால் மருந்து வைத்துக் கொல்வார்கள். குட்டி விற்பவர்களுக்குத் தனி லைசென்ஸ். ஊருக்கு வெளியே கொட்டகை, சிமெண்டுத் தரை, காரைக்குடி மாட்டு டாக்டர் சர்ட்டிபிகேட். நாங்கள் படுக்கும் தரையே சாணி மெழுகியது. நாய்க்குச் சிமெண்டாம்!

ஆடி 5, செவ்வாய்
தலைவலி. கூழ் அடிப்பிடித்துவிட்டது.

போன மாதம் மேலத்தெருவில் வெறிநாய் கடித்து ஒரு பிள்ளை போனது. அதிலிருந்துதான் இந்த விதி. அந்தத் தாயை நினைத்தால் வாயைத் திறக்க மனசு வரவில்லை. ஆனால் கடித்தது தெருநாய். கணக்குக் கேட்பது என் வீட்டில்.

எங்களிடம் மூன்று. கருப்பன், வெள்ளச்சி, அவள் மகள் சிட்டு. கல்யாணத்தில் சீரோடு அப்பா அனுப்பிய நாயின் பேத்தி வெள்ளச்சி. என் கையில் பிறந்தவள். இந்த ஈற்றில் ஒரு ஆண்குட்டி பெரிய வீட்டு ஆச்சிக்கு. பிள்ளைகள் எல்லோரும் மெட்ராஸில். அவ்வளவு பெரிய வீடு, காவலுக்கு நாதியில்லை.

ஆடி 6, புதன்
அவர் சாப்பிட உட்கார்ந்ததும் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"நெலத்துக்கு உச்சவரம்பு வந்தப்ப என்ன செஞ்சோம்? ஒங்கண்ணன் பேர்ல எழுதல? வெள்ளச்சியையும் அவுக பேர்ல எழுதிட்டாப் போச்சு."

"நெலத்த யார் பேர்ல எழுதினாலும் இருந்த எடத்துலயே கெடக்கும். நாய் கெடக்குமா? என்ன பேசுறீக நீங்க?"

"பேருக்குத்தான. நாயி இங்குட்டே இருக்கட்டும்."

அண்ணன் கீழத்தெருவில். மறுபேச்சுப் பேசாமல் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டது. அதற்கு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடப் பிடிக்கும்.

ஆடி 9, சனி
வெயில் கொளுத்துகிறது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். மோர் கொடுத்தேன். கெட்ட மனுஷன் இல்லை. பிள்ளை செத்ததிலிருந்து மேலே இருந்து பிடுங்குகிறார்களாம்.

வெள்ளச்சி வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது யாருது?"

"மச்சான் நாயிங்க" என்றார் இவர்.

"அப்ப மச்சான் வீட்ல இருக்கணும். இன்னொரு தடவை இந்தத் தெருவுல இதைப் பார்த்தேன்னா ஒங்க ரெண்டு வில்லையும் ரத்து. அந்த ரெண்டு நாயையும் வண்டியில ஏத்திருவேன். சொல்லிட்டேன்."

சாயங்காலமே கொண்டுபோய் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டினோம். நிறைசினையை இடம் மாற்றக் கூடாது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மாற்றினோம். மதினி வாசலைத் தாண்டி வரவில்லை. "கடிக்குமா? கடிக்குமா?"

ஆடி 12, செவ்வாய்
சிட்டுவுக்கு உண்ணி. வேப்பெண்ணெய் தடவியது.

வெள்ளச்சியைப் பார்த்து வந்தேன். கூழைத் தொடவில்லை. கொட்டகை மூலையைப் பறித்துப் பறித்துப் பாதியில் விட்டிருக்கிறாள். இடம் பிடிக்கவில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது.

"வில்லை எங்கண்ணே?"

"பீரோவுல பூட்டி வச்சிருக்கேன் ஆத்தா. ஒங்க நெலத்துப் பத்திரத்தோட. தொலைஞ்சா மறு வில்லை கெடையாதாம்ல."

நல்லதுதான் என்று எனக்கும் பட்டது. எங்கள் வீட்டு இரண்டு வில்லையும் அரிசிப்பானைக்குள். சர்க்கார் கொடுத்ததை நாய்க் கழுத்தில் தொங்கவிட யாருக்கு மனசு வரும்?

குன்றக்குடி முருகனுக்கு ஒரு சேவல் நேர்ந்தது. நல்லபடியாக ஈன்றால்.

ஆடி 15, வெள்ளி
விடிந்ததும் மதினி ஆள் அனுப்பினார். வெள்ளச்சி கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டாளாம்.

இங்கேதான் வருவாள், வேறெங்கே போவாள். கொல்லைக்கதவைத் திறந்து வைத்து, வைக்கோலை உதறிப் போட்டு, வெந்நீர் வைத்தேன். அவர் வில்லையை வாங்கி வர ஓடினார். அண்ணன் காரைக்குடிக்குப் போய்விட்டதாம், பீரோச் சாவி அதன் இடுப்பில். வெறுங்கையோடு திரும்பி வந்தார். அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. என்னை நினைத்தும்தான்.

பகலெல்லாம் சந்துசந்தாகத் தேடல். சாயங்காலம் மழை தூறி நின்றது. வரவில்லை.

ஆடி 16, சனி
வந்துவிட்டாள். எங்கள் தெருமுனை வரை.

காலையில் தண்ணீருக்குப் போனபோது புளியமரத்தடியில் பஞ்சாயத்து வண்டி. பக்கத்தில் வெள்ளச்சி. வாயில் நுரை, கால்கள் விறைத்து. இன்ஸ்பெக்டர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்காது.

வண்டிக்காரன் கேட்டான். "யாரு நாயி ஆத்தா? சொந்தக்காரக இருந்தா எடுத்துட்டுப் போயிப் பொதைக்கலாம். இல்லாட்டி குப்பைமேட்டுக்குத்தான்."

எங்களுடையது என்றால் கருப்பனும் சிட்டுவும் போகும். அண்ணனுடையது என்றால் இந்தத் தெருவில் அதற்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அப்போதும் அவை போகும். வீட்டிலிருந்து இவர் என் பின்னால் வந்து நின்று கனைத்தார். இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"தெரியலப்பா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். வண்டிக்காரன் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினான். கனம் தாங்காமல் இன்னொருவனைக் கூப்பிட்டான். "வகுத்துல குட்டி கெடக்குடா, பாத்துத் தூக்கு."

அந்த வயிற்றில் ஏதாவது அசைகிறதா என்று ஒரு தரம் கை வைத்துப் பார்க்கவில்லை நான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் வரிசையில் நின்றேன்.