எட்டுக்கு முன்னால் ஒரு பூஜ்யம்

ஆடி 03, திங்கள்

காலையில் தூறல். குளத்தைச் சுற்றிக் கோயிலுக்குப் போய் வருவதற்குள் புடவைக் கரை நனைந்துவிட்டது. இஸ்திரிக்குப் போட்டது 08 உருப்படி. (பழைய இஸ்திரிக்காரர் ஒரு தடவை என் 8-ஐ 18 ஆக்கினதிலிருந்து எந்த எண்ணுக்கும் முன்னால் பூஜ்யம். கை பழகிவிட்டது.)

மாலதி ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். சாப்பாட்டு மேஜை போச்சு. இனி தரையில்தான் இலை.

"2000 பொறந்தா இதெல்லாம் நின்னு போயிடுமாமே?" என்றார் அவர்.

"அதுக்குள்ள எனக்கு வேலை நிரந்தரமாயிடணும் மாமா."

மருமகளாக வந்து மூன்று மாதம். வந்த கையோடு டி.நகரில் சேர்ந்த வேலை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே அப்பா அம்மாவுக்குப் பட்சணப் பெட்டி அனுப்ப இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்கிறாள். வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும். அன்றோடு பயிற்சி முடிகிறது. சரியாக வந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை.

எதிர் வீட்டு அம்மாள்: "ஆடிக்கு மருமகளை சேலத்துக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பலையா?" "புருஷனே பூனாவுல. ஆடி என்ன, ஆவணி என்ன" என்றேன். மாலதி காதில் விழுந்திருக்குமோ. சொல்லியிருக்க வேண்டாம்.

ஆடி 04, செவ்வாய்

புழுக்கம். அம்மனுக்குக் கூழ். கொத்தமல்லி கட்டு வாடல்.

மத்தியானம் மாலதி கூப்பிட்டாள். "அத்தை, நீங்க ஒரு தடவை ஆர்டர் பண்ணிப் பாருங்க. ஒண்ணும் தெரியாதவங்க அடிச்சாத்தான் தப்பு தெரியும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புதான்.

எத்தனை பெட்டி என்று ஒரு கட்டம். அதில் முழு எண்தான் வர வேண்டும், அரைப் பெட்டி விற்பதில்லை. நாம் அடித்ததிலிருந்து முழு எண்ணை மட்டும் மெஷின் பிரித்து எடுக்குமாம். எடுத்ததும் அடித்ததும் ஒன்றாக இருந்தால் சரி. 2.5 அடித்தேன். 2 எடுத்தது, ஒன்றாக இல்லை, மாட்டேன் என்றது. கெட்டிக்கார மெஷின். ஏழு அடித்தேன், சரி. எட்டு அடித்தேன். முழு எண் மட்டும் அடிக்கவும் என்று இங்கிலீஷில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"எட்டுதானே அத்தை அடிச்சீங்க?"

"எட்டேதான்மா."

அவள் அடித்தாள், வாங்கிக்கொண்டது. நான் அடித்தேன், மறுத்தது. ஒன்பதும் அப்படியே. அவள் முகம் சுண்டிவிட்டது. ராத்திரி ரசம் சாதம் இரண்டு வாய்தான்.

ஆடி 05, புதன்

வெயில். காஸ் வரவில்லை.

எட்டு சனீஸ்வரன் எண். என் கையில்தான் ஏதோ தோஷம் என்று பட்டது. அவள் தொட்டால் சரியாக இருப்பது நான் தொட்டால் கெடுகிறதே. யாரிடமும் சொல்லாமல் எள் விளக்குப் போடப் போனேன். குருக்கள் சிரித்தார். "இன்னிக்குப் புதன் மாமி. சனிக்கிழமை வாங்கோ."

"வெள்ளிக்குள்ள ஆகணுமே."

"அவர் அப்படியெல்லாம் அவசரப்பட மாட்டார்."

ஆனாலும் ஏற்றிவிட்டு வந்தேன். கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. மாலதி கூப்பிட்டபோது மாவு அரைக்கணும் என்று சொல்லிவிட்டேன். அரிசியே ஊறப் போடவில்லை.

ஆடி 06, வியாழன்

மேகமூட்டம். காஸ் வந்தது.

காலையிலேயே மாலதி என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "வேண்டாம்மா, என் கை ராசியில்லை" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"யார் சொன்னது? அடிங்க."

இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்தாள். திடீரென்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நில்லுங்க. அந்தப் பூஜ்யம் எதுக்கு?"

"அது வழக்கம்மா. யாரும் முன்னாடி ஒண்ணு சேர்த்துடக் கூடாதே."

அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அவர் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

முன்னால் பூஜ்யம் இருந்தால், மெஷின் அதை வேறொரு கணக்கு முறை என்று நினைத்துக்கொள்ளுமாம். அந்த முறையில் ஏழு வரைதான் எண்கள். அதனால் 07 சரி. 08 வந்தால் எட்டைத் தெரியாமல் பூஜ்யத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்கும். நம் பத்துக் கணக்கிலேயே படி என்று சேர்த்துச் சொன்னால் போதும். சேர்த்தாள். 08 அடித்தேன். வாங்கிக்கொண்டது! 09-ம்.

"ரெண்டு நாளா ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தேன் அத்தை. உங்க கையைப் பார்க்கவே இல்லை."

பிடித்த கையை விடவில்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போகட்டும்.

ஆடி 07, வெள்ளி

சர்க்கரைப் பொங்கல். மாவிளக்கு. மழை இல்லை.

ஐந்து மணியிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். "உக்காரேன், பஸ் நீ நடந்தா சீக்கிரம் வருமா?" என்றார் அவர். அவரும்தான் எழுந்து எழுந்து பார்த்தார்.

மாலதி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்தை, வேலை நின்னுடுச்சு." போனால் போகட்டும், உள்ளே வா என்றேன். "நிலைச்சு நின்னுடுச்சுன்னு சொல்றேன்!" முதுகில் ஒன்று வைத்தேன்.

அப்புறம் புரோகிராமைக் காட்டினாள். ஒரே பூச்சி எழுத்து. நடுவில் இரண்டு சாய்ந்த கோடு, பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. அந்தக் கோட்டுக்குப் பின்னால் எழுதுவதை மெஷின் படிக்காதாம், பின்னாளில் அதில் வேலை செய்கிற மனுஷர்களுக்கு மட்டுமாம். கூட்டிப் படித்தேன். எங்கள் அத்தை 08 என்றுதான் அடிப்பார்கள், இதை எடுக்காதீர்கள்.

"பாஸ் இது யாருன்னு கேட்டாரு. சொன்னேன். இருக்கட்டும்னுட்டாரு."

ஆடி 08, சனி

தூறல். எள் விளக்கு முறைப்படி போட்டாயிற்று. குருக்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நாள் லீவு. மாலதியைக் காலை ரயிலில் சேலம் ஏற்றிவிட்டு வந்தோம். ஆடி அழைப்பு. நானேதான் போகச் சொன்னேன். கையில் முறுக்கு, அவள் அம்மாவுக்குப் புடவை.

இஸ்திரிக்கு 05. கம்ப்யூட்டரை ஆபீஸ் ஆள் எடுத்துப் போய்விட்டான், சாப்பாட்டு மேஜை காலி. கேட்டால் நிம்மதி என்றுதான் சொல்வேன்.

// தரையில்தான் இலை போட்டேன். மூன்று போட்டுவிட்டு ஒன்றை எடுத்தேன்.